ஒட்டு நகமும் நகக்கண்ணும்

மும்பைத் தமிழில் நகம் வேறு, நெயில்ஸ் வேறு. நகம் தானாக வளர்வது, வெட்டப்படுவது. நெயில்ஸ் என்பது காசு கொடுத்துப் போட்டுக்கொள்வது. "நகத்த வெட்டிட்டு வா, நெயில்ஸ் போடலாம்" என்ற வாக்கியத்தைத் தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய வீடுகளில் யாரும் முரணாகக் கேட்பதில்லை. பழந்தமிழில் இதற்கு உகிர் என்ற சொல் இருந்தது. கன்னடத்தில் அது உகுருவாகவும் தெலுங்கில் கோருவாகவும் இன்றும் புழங்குகிறது. தமிழிலோ வடமொழியின் நகம் வந்து உகிரை ஏட்டுக்குள் தள்ளியது. இப்போது மூன்றாவது சொல் வந்திருக்கிறது. ஆனால் இது முன்னதைத் தள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வேறொரு பொருளைச் சுட்டுகிறது. உடம்பின் உறுப்பு ஒன்றும் கடைச் சரக்கு ஒன்றும் ஒரே விரலில் இருக்கின்றன என்பதை மொழி சரியாகவே பிரித்துக் காட்டுகிறது. அவ்விரண்டுக்கும் இடையில், நகத்தைச் சுற்றியுள்ள தோலில் என்ன நடக்கிறது என்பதற்குத்தான் இன்னும் சொல் ஏதும் அமையவில்லை.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடை விடுமுறையில் ஒரு பெண்ணின் பத்து விரல்களும் அந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டன. பதினாறு வயது, தாராவியில் பிறந்தவள், தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். அவளுடைய மதினி, அதாவது அண்ணன் மனைவி, ஓர் அழகுக்கலைப் பயிற்சியை முடித்துச் செம்பூர் ரயில் நிலையத்தை அடுத்த சந்தைப் பகுதியில் நக அலங்காரக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஜெல் நகம் போடுவதில் கை தேர்ந்தால்தான் சம்பளம் உயரும். கை தேர வேண்டுமானால் பழகுவதற்கு ஒரு கை வேண்டும். வீட்டில் சும்மா இருந்த கை நாத்தனாருடையது.

ஆகவே அந்த விடுமுறையில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அவளுக்கு நெயில்ஸ் போடப்பட்டது, மறுநாள் கழற்றப்பட்டது, மீண்டும் போடப்பட்டது. இணையத்தில் வாங்கிய சிறு விளக்கு ஒன்று, ஏழெட்டுப் புட்டிகள், அசிட்டோன், பஞ்சு. பத்துக்குப் பத்து அறை, ஒரே சன்னல், அதுவும் எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தது. ஆச்சி மட்டும் நாற்றம் தலையை வலிக்கிறது என்று வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். பெண்ணுக்கோ பெருமை. மாதுங்காவில் நடந்த உறவினர் திருமணத்தில் அவளுடைய கையைப் படம் எடுக்காதவர் இல்லை.

ஏழாவது வாரம் விரல்நுனிகள் அரித்தன. பின் தோல் வெடித்தது. அதற்கடுத்து, நகத்துக்குத் தொடர்பே இல்லாததுபோல், கண்ணிமைகள் வீங்கின. வீட்டின் மருத்துவ அறிவு உடனே செயல்பட்டது. கரப்பான் என்றாள் ஆச்சி. "ஏட்டி, கத்தரிக்கா திங்காதன்னு எத்தன தடவ சொல்லுதேன்" என்று கத்தரிக்காயும் கருவாடும் அடுப்பங்கரையிலிருந்து விலக்கப்பட்டன. பதினைந்து நாள் பத்தியத்துக்குப் பிறகும் இமை வற்றவில்லை. மாநகராட்சி மருத்துவமனையின் தோல்நோய்ப் பிரிவில் வரிசையில் நின்று உள்ளே போனபோது, மருத்துவர் கண்ணைப் பார்ப்பதற்கு முன் கையை நீட்டச் சொன்னார்.

இமைத் தோல் உடம்பிலேயே மெல்லிய தோல்களில் ஒன்று. விரல் ஒரு நாளில் எத்தனை முறை முகத்தைத் தொடுகிறது என்பதை யாரும் எண்ணுவதில்லை. நகப்பூச்சு வகைகளால் வரும் ஒவ்வாமை விரலில் தெரிவதற்கு முன்பே இமையிலும் கழுத்திலும் தெரியக்கூடும் என்பது தோல் மருத்துவத்தில் பழைய செய்தி. வீடுகளுக்கு இன்னும் வந்து சேராத செய்தியும் அதுவே.

நெயில்ஸ் என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று தனித்தனிப் பொருள்கள் அடங்கிக் கிடக்கின்றன. முதலாவது, கடையில் அட்டையோடு விற்கும் வார்த்த ஞெகிழி நகம், பசையால் ஒட்டுவது. அந்தப் பசை பெரும்பாலும் சயனோஅக்ரிலேட், அதாவது உடைந்த செருப்பையும் பொம்மையையும் ஒட்டும் அதே குடும்பம். இரண்டாவது அக்ரிலிக், ஒரு திரவத்தையும் ஒரு தூளையும் தூரிகையில் சேர்த்து நகத்தின் மேலேயே இறுகவிடுவது. பல் மருத்துவர்கள் செயற்கைப் பல்வரிசைக்குப் பயன்படுத்தும் பொருளின் நெருங்கிய உறவு அது. மூன்றாவது ஜெல், புற ஊதா ஒளியில் காட்டினால் கெட்டிப்படுவது. மூன்றுக்கும் அடியில் ஒரே இயக்கம்: தனித்தனிச் சிறு மூலக்கூறுகள் கைகோத்து நீண்ட சங்கிலியாவது. சங்கிலியாகி முடிந்த பொருள் ஏறக்குறையத் தீங்கற்றது. கைகோக்காமல் நின்றுவிட்ட சிறு மூலக்கூறுகளே தோலுக்குள் நுழைபவை. ஆகவே செயற்கை நகம் பாதுகாப்பானதா என்று கேட்பதைவிட, அது முழுதாக இறுகியதா, இறுகுமுன் எங்கெல்லாம் பட்டது என்று கேட்பது பொருத்தம்.

வீட்டில் அது முழுதாக இறுகுவது அரிது. ஒவ்வொரு ஜெல்லும் குறிப்பிட்ட அலைநீளத்திலும் குறிப்பிட்ட வலிமையிலும் ஒளி வேண்டுவது. ஒரு நிறுவனத்தின் புட்டியும் வேறொரு நிறுவனத்தின் விளக்கும் சேரும்போது மேலே கெட்டியாகத் தெரியும். அடியில் பச்சையாகவே இருக்கும். போதாக்குறைக்கு, காற்றிலுள்ள ஆக்சிசன் மேற்பரப்பை இறுகவிடாமல் தடுப்பதால், விளக்கிலிருந்து எடுத்ததும் நகத்தின் மேல் பிசுபிசுப்பான படலம் ஒன்று நிற்கும். அதை ஆல்ககால் தோய்த்த பஞ்சால் துடைப்பது கடைசிப் படி. மதினி துடைத்தாள், சில நாள் அவசரத்தில் அந்தப் பெண்ணே விரலால் வழித்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அந்தப் பிசுக்குத்தான் முழுக்க முழுக்க இறுகாத மூலக்கூறு.

ஒவ்வாமையின் பெயர் மருத்துவரின் வாயிலிருந்து வந்தபோது ஒரு சிரிப்பும் கூடவே வந்தது. ஹைட்ராக்சி எத்தில் மெத்தாக்ரிலேட் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஹெமா. "யாரு, நம்ம கீழ்வீட்டு ஹேமாவா?" என்று கேட்டாள் தாய். ஜெல் பூச்சுகளில் மிகப் பரவலாக இருப்பதும் ஒவ்வாமையை மிகுதியாக உண்டாக்குவதும் இந்த ஹெமாதான். பிரிட்டனின் தோல் மருத்துவர் சங்கம் 2018இல் இதுபற்றி எச்சரித்தது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஒட்டுப் பரிசோதனைக்கு உள்ளானவர்களில் 2.4 விழுக்காட்டினருக்கு ஏதேனுமொரு மெத்தாக்ரிலேட்டுக்கு ஒவ்வாமை காணப்பட்டது. இது தோல்நோயோடு மருத்துவமனைக்கு வந்தவர்களின் கணக்கு. நெயில்ஸ் போடும் எல்லாரின் கணக்கன்று. எண்ணை மட்டும் உருவி எடுத்துப் பகிர்வோர் இந்த வேறுபாட்டை விழுங்கிவிடுகிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் கொண்டுவந்த விதிப்படி, ஹெமா கலந்த நகப்பொருள்கள் தொழில் பயிற்சி பெற்றவர்களின் பயன்பாட்டுக்கு மட்டுமே உரியவை. புட்டியின் மேல் அதை எழுதியாக வேண்டும். இங்கேதான் மொழி வந்து குறுக்கே நிற்கிறது. செம்பூரிலும் மாதுங்காவிலும் விற்கும் புட்டிகள் பலவற்றில் ‘ஃபார் புரொஃபெஷனல் யூஸ் ஒன்லி’ என்ற வரி இருக்கிறது. சட்டம் எழுதியவருக்கு அது தடை: நீ தொழிலாளி இல்லையென்றால் தொடாதே. வாங்கும் பெண்ணுக்கு அது புகழ்: இது சாதாரணச் சரக்கன்று, கடைக்காரர்கள் பயன்படுத்தும் உயர்ந்த சரக்கு. மும்பையின் பேச்சில், தமிழானாலும் இந்தியானாலும் மராத்தியானாலும், ‘புரொஃபெஷனல்’ என்பது தரத்தைச் சொல்லும் அடைமொழி. புரொஃபெஷனல் கேமரா, புரொஃபெஷனல் மேக்கப், புரொஃபெஷனல் நெயில்ஸ். ‘ஒன்லி’ என்ற சொல்லும் இந்திய ஆங்கிலத்தில் விலக்குவதை விட்டு அழுத்திச் சொல்லும் வேலையைப் பார்க்கிறது. எச்சரிக்கை விளம்பரமாக இப்படித் தடம் புரள்வதைப் பொருண்மை மாற்றம் என்று வகுப்பறையில் சொல்லலாம். தாராவியில் அதன் விளைவு கொப்புளம்.

இந்தியச் சட்டத்தில் இன்னொரு சந்து உண்டு. அழகுப்பொருளின் மேல் உட்பொருள் பட்டியல் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அதே விதி, 60 மில்லிலிட்டருக்குக் குறைந்த திரவத்துக்கும் 30 கிராமுக்குக் குறைந்த திடப்பொருளுக்கும் அது தேவையில்லை என்றும் சொல்கிறது. நகப்பூச்சுப் புட்டி பத்துப் பதினைந்து மில்லிலிட்டர். ஒரு முழுத் தொழிலே அந்த விலக்குக்குள் வசதியாக அடங்கிவிடுகிறது.

நெயில்ஸ் பற்றிப் பெற்றோர் அதிகம் அஞ்சுவது விளக்கைத்தான்; அதை முழுதாகத் தள்ளிவிடவும் முடியாது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் 2023 சனவரியில் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், நக விளக்கின் ஒளியில் ஒருமுறை 20 நிமிடம் வைத்த உயிரணுக்களில் 20 முதல் 30 விழுக்காடு மடிந்தன. அடுத்தடுத்து மூன்று முறை வைத்தபோது 65 முதல் 70 விழுக்காடு. மிஞ்சியவற்றின் மரபுப் பொருளிலும் சிதைவு தெரிந்தது. ஆயினும் அவை தட்டில் வளர்த்த உயிரணுக்கள். அவற்றின் மேல் தோல் என்ற போர்வை இல்லை. கடையில் கை விளக்குக்குள் இருப்பதும் சில நிமிடங்களே. விரல்நுனி மட்டும் வெளியே தெரியும்படி வெட்டிய கையுறை அணிந்தால் இந்தக் கவலையில் பெரும்பகுதி தீரும். கண்ணுக்குத் தெரியும் நீல ஒளிக்கு அஞ்சுகிறவர்கள் கண்ணுக்குத் தெரியாத பிசுக்குக்கு அஞ்சுவதில்லை. அஞ்ச வேண்டிய வரிசை தலைகீழாக இருக்கிறது. ஒளியால் இறுக வைக்கும் பொருள்களில் ஒன்றான டிபிஓ என்பதை, விலங்குகளில் இனப்பெருக்க ஆற்றலைப் பாதித்தது என்ற அடிப்படையில், ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் நகப்பூச்சுகளில் தடை செய்துவிட்டது.

அந்தப் பெண்ணின் முதுகில் சிறு அலுமினியக் கிண்ணங்கள் ஒட்டப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஒரு பொருள், துளியளவு. 48 மணி நேரம் குளிக்கக் கூடாது, வியர்க்கக் கூடாது. மும்பையின் சூன் மாதத்தில், தகரக் கூரையின் கீழ், வியர்க்காமல் இரு என்று ஒருவரிடம் சொல்வது எளிது. மின்விசிறிக்கு நேரே குப்புறப் படுத்து இரண்டு நாளை அவள் ஓட்டினாள். கிண்ணங்களை எடுத்தபோது ஓரிடத்தில் தோல் சிவந்து தடித்திருந்தது.

இந்த வகை ஒவ்வாமை முதல் தொடுதலில் வராது. உடம்பின் தற்காப்பு உயிரணுக்கள் முதலில் அந்தப் பொருளை அறிமுகம் செய்துகொள்கின்றன; வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. "இத்தன நாள் போட்டா, ஒண்ணும் ஆகலியே" என்று தாய் கேட்டது இயல்பான கேள்வி. இத்தனை நாள் போட்டதால்தான் ஆயிற்று. அறிமுகம் ஒருமுறை முடிந்துவிட்டால் அது பெரும்பாலும் ஆயுளுக்கும் மறப்பதில்லை.

அந்த வீட்டுக்கு இது புதிதும் அன்று. தாத்தா வேலை பார்த்த காலத்துத் தோல் தொழில் ஆவாரம்பட்டையை விட்டுக் குரோமிய உப்புக்கு மாறியிருந்தது. அவருடைய கைகள் கடைசிவரை வெடித்துக் கிடந்தன என்பதைக் குடும்பம் தொழிலின் அடையாளமாகவே நினைவு வைத்திருக்கிறது. குரோமிய ஒவ்வாமையும் ஹெமா ஒவ்வாமையும் நோயியலில் ஒரே வகை. சிமெண்டு குழைக்கும் கைகளுக்கு வருவதும் அதுவே. இன்னொரு பக்கம் ஸ்டிக்கர் பொட்டு இருக்கிறது. குங்குமத்துக்கு எளிய மாற்றாக வந்து ஒவ்வொரு வீட்டுக் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்ட அந்தப் பொட்டின் பசையில் இருந்த ஒரு பீனால் சேர்மம், சிலரின் நெற்றியில் பொட்டு அளவுக்கே வெள்ளைத் தழும்பை விட்டுச் சென்றது. அதை வெண்குட்டம் என்று மறைத்து வைத்த குடும்பங்கள் உண்டு. திருமணப் பேச்சு நின்றுபோன பெண்களும் உண்டு. ஒட்டிக்கொள்ளும் அலங்காரங்களின் வரலாறு இந்தியப் பெண்களின் தோலில் ஏற்கெனவே ஒருமுறை எழுதப்பட்டதுதான்.

பதின்வயது என்பது இங்கே ஏன் தனியாகக் கேட்கத்தக்கது? பதினாறு வயது நகம் முப்பது வயது நகத்தைவிட வேதியியலில் பெரிதும் வேறானதன்று. வேறுபடுவது எஞ்சியிருக்கும் ஆண்டுகளின் எண்ணிக்கை. மெத்தாக்ரிலேட் குடும்பம் நெயில்ஸோடு நின்றுவிடுவதில்லை. சொத்தைப் பல்லை அடைக்கும் வெள்ளைப் பூச்சில் அது இருக்கிறது. மூட்டு மாற்று அறுவையில் எலும்போடு மூட்டைப் பிணைக்கும் எலும்புச் சிமெண்டு அதுதான். சர்க்கரை அளவைக் காட்டத் தோலில் ஒட்டிக்கொள்ளும் கருவிகளின் பசையில் அதன் உறவுகள் இருக்கின்றன. சர்க்கரை நோய் மலிந்த ஒரு சமூகத்தில் பதினாறு வயதில் இந்தக் கதவுகளில் ஒன்றிரண்டு பாதி சாத்திக்கொள்வது சிறிய செய்தியன்று. அதனால் சிகிச்சையே இயலாது என்பதில்லை. கையுறை அணிந்து, முன்கூட்டிச் சொல்லி, மாற்றுப் பொருள் தேடிச் செய்ய வேண்டியிருக்கும். அந்தப் பெண்ணின் மருத்துவச் சீட்டில் அந்தப் பெயர் இப்போது சிவப்பு மையில் இருக்கிறது.

அவள் செவிலியர் படிப்புக்குப் போக நினைத்திருப்பவள். உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2009 கைச்சுத்த வழிகாட்டுதல், நோயாளியைத் தொடுவோர் செயற்கை நகம் அணியக் கூடாது என்கிறது. அதன் பின்னே துயரமான பட்டறிவு இருக்கிறது: 1997–98இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவொன்றில் சூடோமோனாஸ் கிருமி பரவிப் பல குழந்தைகள் இறந்தபோது, நீண்ட நகம் வைத்திருந்த செவிலியர்களோடு அதற்குத் தொடர்பிருக்கலாம் என்று ஆய்வு காட்டியது. ஒருவருடைய நகம் இயற்கையானது, மற்றவருடையது செயற்கை. ஒட்டிய நகம் ஓரத்தில் தூக்கிக்கொண்டு அடியில் ஈரம் தங்கினால் நகம் பச்சையாவதும் இதே கிருமியால்தான். வீடுகளில் அதைப் பூஞ்சை என்று நினைத்து அதற்கான களிம்பைப் பூசுகிறார்கள்.

இந்தக் கதையில் கெட்டவள் மதினி என்று முடிவு கட்ட அந்த வீடு சில நாள் முயன்றது. அது நியாயமன்று. அவளுக்கும் வயது இருபத்திரண்டுதான். பதின்வயதுப் பெண்ணுக்கு நெயில்ஸ் பாதுகாப்பானதா என்ற கேள்வி எப்போதும் மேசையின் ஒரு பக்கத்தை மட்டுமே பார்க்கிறது. வாடிக்கையாளர் மாதம் ஒருமுறை வந்து ஒரு மணி நேரம் உட்கார்கிறார்; எதிரில் இருப்பவள் நாளெல்லாம் உட்கார்கிறாள். அக்ரிலிக்கை அராவும் தூள் அவள் மூச்சில் போகிறது. விலை மலிவு என்று சில கடைகளில் இன்னும் புழங்கும் மெத்தில் மெத்தாக்ரிலேட், 1970களிலேயே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நீதிமன்றம் வரை போய்த் தடுக்க முயன்ற பொருள். அது நகத்தோடு அவ்வளவு இறுக ஒட்டுவது. கதவில் மாட்டினால் ஒட்டு நகத்தோடு சொந்த நகமும் பெயர்ந்துவிடும். கையுறை போட்டாலும் போதாது. மெத்தாக்ரிலேட் சாதாரண நைட்ரில் கையுறையைச் சில நிமிடங்களில் கடந்துவிடும். அடிக்கடி மாற்ற வேண்டும். அதற்குக் காசு யார் கொடுப்பது என்பதில் வந்து பேச்சு நிற்கிறது.

நெயில்ஸை வாழ்நாளுக்கும் விலக்கச் சொல்வதும் மிகை. ஒரு நாள் திருமணத்துக்கு, பசைக்குப் பதில் ஒட்டுப்பட்டையில் நிற்கும் வார்த்த நகத்தை வைத்து இரவில் எடுத்துவிடுவதில் தோலுக்குப் பெரிய இடர் இல்லை. பசையைப் பயன்படுத்துவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: சயனோஅக்ரிலேட் பருத்தித் துணியில் கொட்டினால் கொதிப்பேறிச் சுடும்; பாவாடை வழியாகத் தொடை வெந்த குழந்தைகள் உண்டு. அசிட்டோன் புட்டியும் எரியும் அடுப்பும் ஒரே அறையில் இருக்கக் கூடாது என்பதைத் தாராவியின் ஓரறை வீடுகளுக்குச் சொல்வதில் கொஞ்சம் கூச்சம் இருந்தாலும் சொல்லியாக வேண்டும். ஒட்டிய நகத்தைப் பல்லால் பிய்த்தால் சொந்த நகத்தின் மேலடுக்கும் கூடவே வரும். விரல்நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்வது. முழு நகம் புதிதாக ஆறு மாதம் ஆகும்.

ஆச்சி மருதாணியைப் பரிந்துரைத்தாள். அரைத்த இலையானால் சரிதான். ஆனால் கருப்பாகப் பிடிக்கும் என்று விற்கும் கூம்புகளில் தலைச்சாயத்தின் பாராபினைலீன் டைஅமீன் கலந்திருப்பதுண்டு. அதுவும் ஆயுள் ஒவ்வாமைக்குப் பேர்போனது. மாதுங்கா சந்தையில் மருதாணி இலை வாங்கி வந்து அம்மியில் அரைத்தாள் ஆச்சி. அந்தப் பெண்ணுக்கு நிறம் பிடிக்கவில்லை; அவள் சொன்னது, "ஆச்சி, இது ஆரஞ்சு."

மதினி இன்னும் செம்பூருக்குப் போகிறாள். வீட்டில் பழகுவதை நிறுத்திவிட்டாள். ஹெமா இல்லாத ஜெல்லைக் கேட்டபோது முதலாளி அதன் விலையைச் சொல்லியிருக்கிறார். கடையில் அவள் பங்குக்கு இருக்கும் புட்டிகளின் மேல் வெள்ளை ஒட்டுத்தாளில் நாத்தனார் தமிழிலும் இந்தியிலும் எழுதிக் கொடுத்திருக்கிறாள்: தோலில் படக் கூடாது, பட்டால் உடனே துடை, பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் போடாதே. மூன்றாவது வரியை மதினி முதல் வாரத்திலேயே கிழித்துவிட்டாள். சனி, ஞாயிறுகளில் கடைக்கு வருபவர்களில் பாதிப்பேர் பள்ளிப் பிள்ளைகள்.